மலைக்காவலனுக்கு மாமாவின் முகம்

சைபர்ஜெயா
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா ருக்குமணிக்கு,

தம்பி விமலன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏர்கான் குளிரில் மூக்கு மட்டும் ஒழுகுகிறது. கேமரன் மலையில் பிறந்தவனுக்குக் குளிரால் சளியா என்று நீ சிரிப்பாய். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? தீபாவளிக்கு நான் வந்தபோது கையில் கட்டுப் போட்டிருந்தாய். தேயிலை வேர் தடுக்கி விழுந்தேன் என்றாயே, அது கூடிவிட்டதா?

உன் போனுக்கு அடித்து அடித்து அலுத்துவிட்டேன். வாட்ஸப்பில் போட்டது எதுவும் உன்னிடம் சேரவில்லை. அதனால்தான் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்குத் தபால்.

பெரிய சேதி ஒன்று. 'மலைக்காவலன்' படமாகிறது! ரிங்லெட்டில் பழைய புத்தகம் வாங்கி, அட்டை கிழியும்வரை நீயும் நானும் அடித்துக்கொண்டு படித்தோமே, அதே காமிக்ஸ். முழுநீள அனிமேஷன் படம். சண்டைக் காட்சிகளை வரையும் குழுவில் நான் இருக்கிறேன். காமிக்ஸைப் படமாக்குவதில் ஒரு தொல்லை உண்டு அக்கா. புத்தகத்தில் ஒரு கட்டத்தில் ஓங்கிய கை இருக்கும், அடுத்த கட்டத்தில் எதிரி தரையில் கிடப்பான். நடுவில் நடந்ததை வாசிப்பவன் தானாக நினைத்துக்கொள்வான். படத்தில் அந்த நடுவை நாங்கள்தான் வரைய வேண்டும். நல்ல படமா, குப்பையா என்பது அங்கேதான் தெரியும் என்பார் எங்கள் டைரக்டர் ஹரிதாஸ்.

நாயகனின் உடம்பு அவருக்குப் பிடிக்கவே இல்லை. "இது ஜிம்முல செஞ்ச உடம்புடா. மலையில பாரம் தூக்குற ஆள் மாதிரி வேணும் லா" என்று கத்தினார். மாமா கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும் வீடியோவைக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உடம்பு, நடை, முகம் எல்லாமே மாமாவுடையதாக வைக்க வேண்டுமாம். மாமா சம்மதிப்பாரா? கேட்டு எழுது.

பாசமுள்ள தம்பி,
விமலன்

*

ரிங்லெட்
25 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி விமலனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கை கூடிவிட்டது. போன் தண்ணீர் டிரம்மில் விழுந்துவிட்டது, வேறு ஒன்றுமில்லை. மூக்குக்கு ஓமம் முகர்ந்து பார்.

உன் கடிதத்தை ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி உன் மாமா கையில்தான் கொடுத்தார். மாமா அதைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் தந்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நெஞ்ச நல்லா அகலமா வரையச் சொல்லு. தொப்பை கிப்பை வெச்சான், தொலைச்சிருவேன்" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில், அந்தப் பசார் மாலாமில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

மெஷினைப் பற்றி உன் டைரக்டருக்குச் சொல். அதை ஒரு ஆள் தூக்க முடியாது. தேயிலை நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு கால் ஒத்து நடக்க வேண்டும். புருஷனையும் பெண்டாட்டியையும்தான் கங்காணி ஜோடி போடுவார். நீ காட்டிய வீடியோவில் அடுத்த முனையைப் பிடித்திருப்பது நான்தான். என் தலை தெரியவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அக்கா,
ருக்குமணி

*

சைபர்ஜெயா
17 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கும் மதிப்புள்ள மாமாவுக்கும்,

நான் சுகம். ஓமம் முகர்ந்தேன், மூக்கு அடங்கிவிட்டது. மாமா! உங்கள் முகத்தை வரைந்து முடித்துவிட்டோம். மலைக்காவலன் திரும்பிப் பார்த்தால் நீங்கள் திரும்பிப் பார்ப்பது போலவே இருக்கிறது. தொப்பை இல்லை, கவலைப்படாதீர்கள்.

அடிப்பது சரியாக வந்துவிட்டது. விழுவதுதான் வரவில்லை. மலைக்காவலன் ஓங்கி விடுகிறான், எதிரி உரமூட்டை சாய்வதுபோல் சாய்கிறான். ஹரிதாஸ் தலையில் அடித்துக்கொள்கிறார். இந்த ஸ்டூடியோவில் ஒருவன்கூட வாழ்க்கையில் ஒழுங்காக அடி வாங்கியதில்லை. அக்கா, லயத்து வரிசை வீடுகளில் குடித்துவிட்டு அடித்துக்கொள்ளும் சண்டைகளைப் பார்த்திருப்பாய். ஒரு ஆள் எப்படி விழுகிறான் என்று கொஞ்சம் எழுதேன். முதலில் எது தரையைத் தொடும்? கை எங்கே போகும்?

அன்புடன்,
விமலன்

*

ரிங்லெட்
12 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

நலமா? இந்தக் கடிதத்தை மணியம்மா கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தைக்குப் பக்கத்தில் கீரையும் முள்ளங்கியும் விற்கிறாளே, அவள்தான். இனி எனக்கு எழுதுவதை அவள் கடை முகவரிக்கே அனுப்பு. ஆபீசுக்கு அனுப்பினால் தாமதமாகிறது.

கேட்டாய், சொல்கிறேன். கீழ் லயத்தில் ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

அடி வரும் முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடும். தோள் தானாக ஏறிக் காதை மூடும். கன்னத்தில் விழுந்ததும் கத்த மாட்டார்கள். படத்தில் எல்லோரும் 'ஆ' என்று கத்துகிறார்கள், அது பொய். வாய் இறுக மூடிக்கொள்ளும், பல் நாக்கைக் கடிக்கும். ஒரு காதுக்குள் மெஷின் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்கும். மல்லாந்து விழ மாட்டார்கள். முதலில் ஒரு முழங்கால் மடியும். கை எதையாவது பிடிக்கத் தேடும். மேசை இருந்தால் மேசை, இல்லாவிட்டால் அடித்தவனின் சட்டை. ஆமாம், அடிக்கிறவனையே பிடித்துக்கொண்டுதான் விழுவார்கள். அதற்காக இன்னொன்று கிடைக்கும்.

விலாவில் உதைத்தால் சத்தமே வராது. மூச்சு உள்ளே போகவும் போகாது, வெளியே வரவும் வராது. மூச்சுக்காக வாய் திறந்திருக்கும்போது பார்த்தால் சிரிப்பதுபோல் இருக்கும். "என்னாடி சிரிக்கிற?" என்று கேட்பான்.

உன் எதிரிக்கு இது போதும் என்று நினைக்கிறேன். காமிக்ஸில் அடுத்த பக்கத்துக்குள் காயம் ஆறிவிடும், அது எனக்குப் பிடிக்கும்.

அக்கா

*

சைபர்ஜெயா
5 மே 2024

அக்கா! அக்கா!

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நீ எழுதியதை ஹரிதாஸிடம் படித்துக் காட்டினேன். அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தோம். அடிபட்டவன் மலைக்காவலனின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். பார்த்த ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். ஹரிதாஸ், "இனிமே இதான் படம்" என்றார். முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரும் வரும்!

மாமாவுக்குப் பெரிய போஸ்டர் ஒன்று ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் கீழ் லயத்துப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவளும் புருஷனோடுதான் மெஷின் பிடிக்கிறாளா? கங்காணியிடம் ஜோடி மாற்றிக் கேட்கச் சொல். நாள் முழுக்க அவனோடு கட்டிப்போட்ட மாதிரி நடப்பதிலிருந்தாவது தப்பலாமே. நீயே கூடப் போய்ச் சொல்லு, உனக்குத்தான் வாய் நீளமாச்சே.

துள்ளிக்கொண்டிருக்கும் தம்பி,
விமலன்

*

ரிங்லெட்
9 ஜூன் 2024

தம்பி விமலனுக்கு,

சுகம்தானே? கொஞ்ச நாளாக எனக்குக் குனிந்து உட்கார முடியவில்லை. அதுதான் தாமதம்.

போஸ்டர் வந்தது. வாசல் சுவரில் ஒட்டியாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அதற்கு சல்யூட் அடித்துவிட்டுப் போகிறார்கள். மேனேஜர் காரை நிறுத்திக் கைகொடுத்தார். மாமா நடக்கிற நடையே மாறிவிட்டது, உன் படத்தில் வருவதுபோல் நடக்கிறார்.

நீ சொன்னபடி கீழ் லயத்துப் பெண் கங்காணியிடம் ஜோடி மாற்றிக் கேட்டாள். ஜோடி மாற்றிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு மறந்துவிட்டது. படிக்கப் போனவன், மறந்திருப்பாய். புருஷனோடு கால் ஒத்து நடக்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம் அது. கங்காணி அதைச் சிரித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் புருஷனிடம் சொன்னார். அன்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, மெஷின் பெல்ட்டால் ஆரம்பித்தான். இரண்டு விலா போயிற்று.

அவள் கோயில் தலைவர் குணாளனிடம் போய்ச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அட, படத்துல வர்ற ஆளும்மா உன் வூட்டுக்காரன். கை கொஞ்சம் பலமாத்தான் விழும் லா. பெருமையா நெனைச்சுக்க."

உன் எதிரிக்கு இதையும் வைத்துக்கொள்.

அக்கா

*

சைபர்ஜெயா
13 ஜூன் 2024

அக்கா,

படத்தில் வருகிற ஆள் அந்த மலையில் ஒருவன்தான் இருக்கிறான்.

கீழ் லயத்தில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. நீதான். தீபாவளிக்கு உன் கையில் கட்டுப் போட வைத்ததும் அவன்தான், உன் போனைத் தொலைத்ததும் அவன்தான். நான் மாதக்கணக்காக உட்கார்ந்து உன்னை அடிக்கிறவனை அழகாக வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். எதிரி விழுகிற ஒவ்வொரு தடவையும் நீ விழுந்ததை வரைந்திருக்கிறேன். ஜோடி மாற்றச் சொன்னவனும் நான்தான்.

சனிக்கிழமை வருகிறேன். ஆபீஸ் நண்பனின் கார் இருக்கிறது, பாராங் கத்தி வாங்கிவிட்டேன். அவன் வலது கையை மணிக்கட்டோடு இறக்காமல் திரும்பப்போவதில்லை. அந்தக் கையின் ஒவ்வொரு நரம்பும் எனக்குத் தெரியும், அத்தனை தடவை வரைந்திருக்கிறேன். முகத்தை மாற்றச் சொல்லி ஹரிதாஸிடம் காரணம் சொல்லாமல் கெஞ்சினேன். படம் பாதி முடிந்துவிட்டது, முடியாது என்கிறார். சரி, படத்தில் முடியாததை நேரில் செய்கிறேன்.

விமலன்

*

ரிங்லெட்
16 ஜூன் 2024

விமலா,

நீ வரவில்லை என்று இன்று காலை தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவசரத் தபாலில் நீ போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை மணியம்மா கையில் கிடைத்த உடனே அவள் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக் கத்தினாளாமே. என்னென்ன வார்த்தை சொன்னாளோ, அவ்வளவும் உனக்கு வேண்டும்.

முட்டாள். நீ அவனை வெட்டினால் உன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் கட்டுப்போட்ட கையோடு அதே வீட்டில் இருப்பான், நான் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன். இதுதான் நீ எனக்குச் செய்யும் நன்மையா? உன் ஹீரோ கதையை உன் கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொள்.

ஆமாம், நான்தான். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து. சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லப் பயமாக இருந்தது. போஸ்டர் வந்த பிறகு சொல்லி என்ன பயன் என்றாகிவிட்டது. இப்போது கவ்வாத்து தொடங்கிவிட்டது. தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும் கத்தியைத் தினமும் வீட்டிலேயே தீட்டுகிறான். தீட்டி முடித்துவிட்டு, வெட்டுமா பார்க்கிறேன் என்று என் சடையின் நுனியை அறுத்துப் பார்க்கிறான். முதலில் நுனிதான். இப்போது சடை தோள்வரைதான் இருக்கிறது. அடுத்தது கழுத்து என்று எனக்குத் தெரியும் தம்பி. அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போதே ஓடினால் என்ன என்று கேட்பாய். ரிங்லெட்டில் அவனுக்குத் தெரியாத லோரி டிரைவர் இல்லை. மலையடிவாரத்துத் தாப்பா ஊருக்கு இறங்குவதற்குள் பிடித்துவிடுவான். ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. அவனை இரண்டு நாள் மலையை விட்டு இறக்கு. அது ஒன்றைத்தான் கேட்கிறேன். ஈப்போவில் மணியம்மாவின் நாத்தனார் திலகா துணி வெளுக்கும் கடை வைத்திருக்கிறாள். காய்கறி லோரியில் மணியம்மா என்னை அனுப்பிவிடுவாள்.

அவனுக்குத் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கும். கூப்பிட்டால் வருவான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாராங்கைத் தூக்கிப் போடு.

ருக்கு

*

சைபர்ஜெயா
7 ஜூலை 2024

பெருமதிப்பிற்குரிய மாமா திரு. குகனேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் அன்பு மைத்துனன் விமலன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நல்ல சுகத்தோடு இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கு அனைவரும் தங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறார்கள்.

மலைக்காவலனின் கடைசிச் சண்டையைத் தங்கள் அசைவை நேரடியாகப் பிடித்துத்தான் செய்ய வேண்டும் என்று டைரக்டர் விரும்புகிறார். வேறு யாராலும் அப்படி அடிக்க முடியவில்லை மாமா. ஜூலை 20, 21 இரண்டு நாளும் தாங்கள் வந்து தங்க ஹோட்டல் போட்டிருக்கிறோம். தாங்கள் மட்டும் வந்தால் போதும். அக்காவுக்குத் தோட்டத்தில் வேலை இருக்கும், அவளை அலைக்கழிக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தாழ்மையுடன்,
விமலன்

*

சைபர்ஜெயா
4 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. நீ போய்ச் சேர்ந்தாயா, இல்லையா? மணியம்மா போனை எடுக்கவில்லை. திலகாவின் முகவரி என்னிடம் இல்லை. அதனால் மணியம்மா கடைக்கே எழுதுகிறேன். ஒரு வரி போடு, போதும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை அவன் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டிவிட்டோம். சுற்றிலும் கேமராக்கள், எந்த அசைவையும் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். எதிரியாக நிற்க ஒரு சண்டைப் பயிற்சிக்காரரை வைத்திருந்தார்கள். அவர் அடிபடாமல் விழத் தெரிந்தவர். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "தொடாம எப்படி லா அடிக்கிறது? ஏமாத்து வேலை" என்றான். ஹரிதாஸ் சலித்துப்போய் மத்தியானமே முடித்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அப்போதே அனுப்பினால், அவன் வந்து சேரும்போது நீ லோரியில் பாதி வழியில்தான் இருப்பாய். நான் உடுப்பை மாட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

"மச்சான், நெசமா அடிக்கவா?" என்று கேட்டான். அடிங்க மாமா என்றேன். முதல் அடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது. முழங்கால் மடிந்தது. என் கை போய் அவன் நெஞ்சில் இருந்த உடுப்பைப் பிடித்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை அக்கா, அதுவாகவே போய்ப் பிடித்தது. ஹரிதாஸ் "போதும்" என்றார். அவன் நிறுத்தவில்லை. "நிறுத்துங்க" என்று எல்லோரும் கத்தினார்கள். குனிந்து என் விலாவில் உதைத்துவிட்டு, "என்னாடா சிரிக்கிற?" என்று கேட்டான். நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் விலக்க முடிந்தது.

ஹரிதாஸ் என்னைத் தனியே கூட்டிப்போய், "உங்க அக்கா எழுதுனது யாரப் பத்தி?" என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸைக் கூப்பிடப் போனார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், நாளைவரை பொறுங்கள், அவள் இறங்கிவிடட்டும் என்று. கிளினிக்கில் லைட் ஸ்டாண்டு மேலே விழுந்தது என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டேன். பிறகு அவனை வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய், வீங்கிய வாயோடு எதிரில் உட்கார்ந்து, "நல்லா அடிச்சீங்க மாமா" என்று சிரித்தேன். அவனுக்கு மீன் வைக்கச் சொன்னேன். நீ எத்தனை வருஷம் அப்படிப் பரிமாறியிருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிறு மாலைதான் பஸ் ஏற்றினேன்.

மறுநாளே ஹரிதாஸ் அந்த முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ பத்திரமாக இருப்பது தெரியும்வரை போலீஸுக்குப் போக வேண்டாம் என்று அவரைத் தடுத்து வைத்திருக்கிறேன். படம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகிறது. குழு முழுவதும் உட்கார்ந்து வேறு முகம் வரைகிறோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. நீ எழுது, அக்கா. எழுது.

விமலன்

*

ஈப்போ
1 செப்டம்பர் 2024

என் தம்பி விமலனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் படி.

லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். திலகா கடையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். மாடியில் ஒரு அறை, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. அவன் திரும்பி வந்து மணியம்மா கடையை உடைத்தான், அவள் போனையும் நொறுக்கினான். முள்ளங்கிக் கத்தியை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் நின்றிருக்கிறாள். சந்தையில் இருந்தவர்கள் சேர்ந்து அவனை மிதித்துத்தான் அனுப்பினார்கள். உன் கடிதத்தை அவள் ஒளித்து வைத்து, ஆள் மூலம் இப்போதுதான் கொடுத்தனுப்பினாள்.

அதைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எவன்டா உன்னை அங்கே போய் நிற்கச் சொன்னது? இறக்கு என்றேன், வாங்கிக்கொள் என்றேனா? எனக்காக ஒருத்தன் அடி வாங்கினான் என்று நான் சந்தோஷப்படுவேனா? இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அழுதேன், யாரோ ஒருவர் சட்டை தீய்ந்துவிட்டது.

இனி உடம்பு விஷயத்துக்கு வா. காது இரைச்சல் ஒரு மாதத்துக்குமேல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ, நான் போகாமல் விட்டதால்தான் எனக்கு வலது காது மந்தம். வலிக்காத பக்கம் படு. தும்மல் வந்தால் தலையணையை விலாவோடு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு தும்மு. சிரிப்பு வருகிற இடத்துக்கெல்லாம் கொஞ்ச நாள் போகாதே, சிரித்தால்தான் அதிகமாக வலிக்கும். தையல் பிரித்திருந்தாலும் அந்த வாயில் சூடான காப்பி வேண்டாம். கஞ்சி குடி. திடீரென்று யாராவது கையைத் தூக்கினால் உன் தோள் ஏறும், அதற்கு வெட்கப்படாதே.

வெள்ளிக்கிழமை திலகாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக்கொண்ட பெண் போலீஸ், "யார் அடித்தது?" என்று கேட்டாள். அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பிறகு முழுப்பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

நீ மறுபடி அந்தக் கிளினிக்குக்குப் போ. லைட் ஸ்டாண்டு விழவில்லை என்று சொல். அடித்தவன் பெயரை எழுதச் சொல்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையை மட்டும் எழுது.

உன் அக்கா,
ருக்குமணி